இ4-க்குக் கறுப்பின் பதில்: பிரெஞ்சா, கேரோ-கானா?

சதுரங்கத்தில் வெள்ளை 1.இ4 (ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுதல்) ஆடினால் கறுப்புக்கு நான்கு பெரிய வழிகள் இருக்கின்றன: 1...இ5, சிசிலியன் எனப்படும் 1...சி5, பிரெஞ்சு டிஃபென்ஸ் 1...இ6, கேரோ-கான் 1...சி6. வாரம் நான்கைந்து நாள் பயிற்சியாளருடன் உட்காரும் சிறுவர்களுக்கு முதல் இரண்டும்தான் சரி. திறந்த ஆட்டத்தில் காய்களை வேகமாக வெளியே கொண்டுவரும் பழக்கம் அவற்றில்தான் வரும். ஆனால் 1...இ5 ஆடுபவர் ஸ்பானிஷ், இத்தாலியன், ஸ்காட்ச், வியன்னா, கிங்ஸ் கேம்பிட் என ஐந்து வேறு வேறு ஆட்டங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். சிசிலியன் ஆடுபவர் அதன் கிளைகளான நைடார்ஃபையோ டிராகனையோ மாதக்கணக்கில் படித்துவிட்டு வந்தால், எதிரே இருப்பவர் 2.சி3 அல்லது மோரா கேம்பிட் (சிப்பாயைக் கொடுத்து வேகம் பெறும் முறை) ஆடி அந்தப் படிப்பைப் பையிலேயே வைத்துவிடச் செய்வார். வேலை, கல்லூரி இவற்றுக்கு நடுவே ஆண்டுக்கு நான்கைந்து ரேட்டிங் போட்டி ஆடும் 1400 முதல் 1800 வரையிலான தரப்புள்ளிக்காரருக்கு உண்மையான தேர்வு மற்ற இரண்டுக்குள்தான். இரண்டாம் நகர்த்தலிலேயே 2...டி5 வந்துவிடும், அதன்பின் சிப்பாய் அமைப்பைத் தீர்மானிப்பதில் கறுப்புக்கும் பங்கு உண்டு.

நெடுவரிசைகளை வெள்ளையின் இடமிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், காய்களை வெட்டுவதை × குறியாலும், செக்கை + குறியாலும் எழுதுகிறோம். காயின் பெயர் இல்லாத நகர்த்தல் சிப்பாயினுடையது. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்த்தல். 0-0 என்பது ராஜாப் பக்கக் காஸ்லிங். குதிரை ஜிஇ2 என்றால் ஜி வரிசையிலிருந்து இ2-க்கு வரும் குதிரை. படிக்கும்போது பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சி8 பிஷப்பும் சி சிப்பாயும்

பிரெஞ்சில் 1...இ6 என்றதும் எஃப்8 பிஷப்புக்கு வழி திறக்கிறது, சி8 பிஷப்புக்கு அடைபடுகிறது. அதற்கு ஈடாக சி சிப்பாய் ஒரே தாவலில் சி5 போய் வெள்ளையின் டி4-ஐத் தாக்கும். சி6 கட்டமும் குதிரைக்குக் காலியாக இருக்கும். கேரோ-கானில் 1...சி6 என்பதால் சி8 பிஷப் சுதந்திரமாக வெளியே வரும். ஆனால் பின்னால் சி5 ஆட நேர்ந்தால் அதே சிப்பாயை இரண்டாம் முறை நகர்த்த வேண்டும், குதிரைக்கான சி6 கட்டமும் அதுவரை கிடைக்காது.

மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பிரெஞ்சு ஆடுபவர் ஒரு கெட்ட பிஷப்பைச் சுமந்துகொண்டு மையத்தைத் தாக்குகிறார். கேரோ-கான் ஆடுபவர் ஒரு நகர்த்தலைக் கொடுத்து அந்தச் சுமையை இறக்கிவைக்கிறார்.

இந்த இரண்டையும் ஒப்பிடும்போது பலர் 3.குதிரை சி3 வரிசைகளை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஓபனிங் நூல்களில் பாதிப் பக்கங்கள் அதற்கே போவதுதான் காரணம். 1800-க்குக் கீழே பலகையில் அடிக்கடி வருவது 3.இ5 என்னும் அட்வான்ஸும், 3.இ×டி5 என்னும் எக்ஸ்சேஞ்சும். இரண்டுமே அதிகம் படிக்காமல் ஆடக்கூடியவை என்பதால் எதிராளிகளுக்குப் பிடிக்கும். ஆகவே முடிவையும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

3.இ5 வந்தால்

பிரெஞ்சில்: 1.இ4 இ6 2.டி4 டி5 3.இ5 சி5 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6. கறுப்பின் ஐந்து நகர்த்தலில் மூன்று டி4-ஐ நோக்கியே போகின்றன. ஜி8 குதிரை எச்6 அல்லது இ7 வழியாக எஃப்5 போய் அதே டி4-ஐ இன்னொரு முறை தாக்கும். பிறகு எஃப்6 ஆடி இ5-ஐ உடைப்பது. திட்டம் மிகத் தெளிவானது. ஒருமுறை புரிந்துவிட்டால் மறக்காது.

இங்கே நடக்கும் விபத்து ஒன்றை மட்டும் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். 6.பிஷப் டி3 சி×டி4 7.சி×டி4 என்றானதும் டி4 சிப்பாய் இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றும். 7...குதிரை×டி4 8.குதிரை×டி4 ராணி×டி4 என்று எடுத்தால் 9.பிஷப் பி5+ செக். பிஷப் விலகியதும் டி1 ராணிக்கு நேராகக் கறுப்பு ராணி நிற்கிறது, போய்விட்டது. அதனால் முதலில் 7...பிஷப் டி7. பி5 செக்குக்கு இடமில்லாமல் போனதும் டி4 மீதான மிரட்டல் உண்மையாகிவிடும். அப்போதும் வெள்ளை 8.0-0 ஆடிச் சிப்பாயைக் கொடுக்கலாம். அதுதான் மில்னர்-பேரி கேம்பிட். 8...குதிரை×டி4 9.குதிரை×டி4 ராணி×டி4 10.குதிரை சி3 என்ற நிலையில் 10...ராணி×இ5 என்று இரண்டாவது சிப்பாயையும் எடுக்கக் கை துறுதுறுக்கும். 11.யானை இ1 வந்தால் ராணியும் ராஜாவும் ஒரே வரிசையில் மாட்டுவார்கள். 10...ஏ6 ஆடி பி5 கட்டத்தை முதலில் மூடிவிட்டு, அடுத்து குதிரை இ7 என்று வளர்ச்சியை முடிப்பதே நிதானமான வழி. ஒரு சிப்பாய் லாபம் போதும்.

6.ஏ3 ஆடுபவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். பி4 தள்ளி ராணிப் பக்கத்தில் இடம்பிடிப்பது அவர்கள் நோக்கம். 6...சி4 ஆடி அதை மூடிவிடலாம். பி3 கட்டம் ஓட்டையாகும், குதிரை ஏ5-இல் நின்று அதைக் கண்காணிக்கும். ஆட்டம் மிக மெதுவாகப் போகும் என்பதைத் தெரிந்தே இதை ஆட வேண்டும்.

பிரெஞ்சு அட்வான்ஸில் உண்மையான ஆபத்து ராஜாப் பக்கம். எஃப்6-இல் குதிரை இல்லை, எச்7-க்குக் காவல் ராஜா மட்டுமே, வெள்ளையின் பிஷப் டி3-இல். கறுப்பு அவசரமாகக் காஸ்லிங் செய்தால் பிஷப்×எச்7+ ராஜா×எச்7, குதிரை ஜி5+ என்று தொடங்கும் பழைய பலி வந்து சேரும். ராஜா ஜி8 திரும்பினால் ராணி எச்5. காஸ்லிங்குக்கு முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: டி3-எச்7 மூலைவிட்டம் திறந்திருக்கிறதா, ஜி5-க்கு வரும் குதிரையை இ7 பிஷப்பால் வெட்ட முடியுமா, எச்7-ஐக் காக்க எஃப்8-க்குக் குதிரை வர வழி உண்டா. மூன்றும் பாதகமாக இருந்தால் ராஜா நடுவிலேயே இருக்கட்டும், அல்லது எஃப்6 ஆடி இ5-ஐ உடைத்த பிறகு காஸ்லிங். வெள்ளையின் எச்4 சிப்பாய் ஏற்கனவே வந்திருந்தால் இ7 பிஷப் ஜி5-இல் வெட்டுவதும் காப்பாற்றாது, எச் வரிசை யானைக்குத் திறந்துவிடும்.

கேரோ-கானில்: 1.இ4 சி6 2.டி4 டி5 3.இ5 பிஷப் எஃப்5. பிஷப் வெளியே வந்துவிட்டது. இனி இ6 ஆடலாம். 4.பிஷப் டி3 என்று இயல்பாக ஆடுபவர்கள் ஏராளம். 4...பிஷப்×டி3 5.ராணி×டி3 இ6 என்றானதும் கறுப்பின் பிரச்சினைக்குரிய காய் மறைந்து, வெள்ளையின் நல்ல பிஷப்பும் அதோடு போய்விடும். பிரெஞ்சில் பயந்த எச்7 பலி இங்கே கிட்டத்தட்ட இல்லாமலாவது இதனால்தான். 1927-இல் நியூயார்க்கில் நிம்ஸோவிச்சுக்கு எதிராகக் காபபிளாங்கா கறுப்பில் இதே அமைப்பை ஆடி, ராணியும் யானையும் மிஞ்சிய நிலையில் வெள்ளையை நகர இடமில்லாமல் ஆக்கி வென்றார். கேரோ-கான் கற்பவர் முதலில் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டிய ஆட்டம் அதுதான்.

ஆனால் எஃப்5 பிஷப் தாக்குதலுக்கு இலக்காகவும் ஆகும். 4.எச்4 வந்தால் யோசிக்காமல் 4...இ6 ஆடியவர்கள் காயைத் தொலைப்பார்கள்: 5.ஜி4 பிஷப் இ4 6.எஃப்3 பிஷப் ஜி6 7.எச்5, பிஷப் சிக்கிக்கொண்டது. சரியான பதில் 4...எச்5. அதன்பின் ஜி4 தள்ள முடியாது. 4.குதிரை சி3 இ6 5.ஜி4 பிஷப் ஜி6 6.குதிரை ஜிஇ2 என்பது இன்னும் கூர்மையானது. 6...சி5 7.எச்4 எச்5 8.குதிரை எஃப்4 பிஷப் எச்7 வரையாவது தெரியாமல் இதற்குள் போகக் கூடாது. கேரோ-கானில் மனப்பாடம் கட்டாயமாகத் தேவைப்படும் இடங்களில் இது முதன்மையானது.

4.குதிரை எஃப்3 இ6 5.பிஷப் இ2 என்பது நைஜல் ஷார்ட் பிரபலமாக்கிய அமைதியான முறை. ஆபத்து தெரியாது, ஆனால் கறுப்புக்கு இடநெருக்கடி. இ7-க்குக் குதிரை வந்தால் எஃப்8 பிஷப் அடைபடும், டி7-இலும் குதிரைதான். எச்6 ஆடி பிஷப்புக்கு எச்7-இல் ஒதுங்க இடம் கொடுத்து, நேரம் பார்த்து சி5 ஆட வேண்டும். சி8-ஐ விட்டு பிஷப் போய்விட்டதால் பி7 சிப்பாய் காவலற்றது என்பதையும் சி5 ஆடும் முன் பார்க்க வேண்டும். ராணி பி3 வந்தால் அதைக் காக்க ஒரு நகர்த்தல் செலவாகும். இந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்தால் பிரெஞ்சு அட்வான்ஸே ஆடச் சுலபமானது. திட்டம் தானாகக் கண்ணுக்குத் தெரியும். கேரோ-கானில் பொறுமையாகக் கட்ட வேண்டியிருக்கும்.

எக்ஸ்சேஞ்ச்: இங்கேதான் வித்தியாசம் பெரிது

பிரெஞ்சில் 3.இ×டி5 இ×டி5 என்றானதும் சி8 பிஷப்புக்கு வழி திறந்துவிடும், கறுப்புக்கு ஒரு கவலையும் இல்லை. ஆனால் இரு பக்கமும் சிப்பாய் அமைப்பு ஒன்றேதான். இ வரிசை மட்டும் திறந்திருக்கிறது; யானைகள் அங்கே மோதி வெட்டுப்பட்டால் ஆட்டம் டிரா. எதிரே சமமான ஆட்டக்காரர் இருந்தால் பரவாயில்லை. உங்கள் தரப்புள்ளி 1700, எதிராளி 1450 என்று வையுங்கள். 250 புள்ளி வித்தியாசத்துக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது 0.81. டிரா ஆனால் 0.31 குறைவு, கே-காரணி (புள்ளி மாறும் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) 20 உள்ளவருக்கு 6.2 புள்ளி போகும், 40 உள்ள இளையோருக்கு 12.4. உங்களைவிடக் குறைந்தவர் வேண்டுமென்றே 3.இ×டி5 ஆடி டிராவுக்கு உட்காருவது இந்தக் கணக்கால்தான்.

இதற்கு மருந்து உண்டு. சமச்சீரைக் கறுப்பே உடைக்க வேண்டும்: 4.பிஷப் டி3 குதிரை சி6 5.சி3 பிஷப் டி6 6.குதிரை எஃப்3 குதிரை ஜிஇ7 7.0-0 பிஷப் ஜி4, அடுத்து ராணி டி7, நீண்ட பக்கம் காஸ்லிங். குதிரையை எஃப்6-இல் வைக்காமல் இ7-இல் வைப்பது பிஷப் ஜி5 பிணைப்பைத் (பின்னால் பெரிய காய் நிற்பதால் முன்காய் நகர முடியாமல் போவதை) தவிர்க்க. எஃப் சிப்பாய் முன்னேறவும் வழி இருக்கும். 1978-இல் பீர்ஷேவாவில் டாடாய்க்கு எதிராகக் கோர்ச்னோய் 4.பிஷப் டி3-க்கு 4...சி5 ஆடினார். 12...ராணி ஜி3! என்று அவர் ஆடியபோது எஃப்2 சிப்பாயால் ராணியை வெட்ட முடியாது, சி5 பிஷப்பின் பிணைப்பில் இருந்தது. 14 நகர்த்தலில் வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது. எக்ஸ்சேஞ்ச் செத்த ஆட்டம் என்று சொல்பவருக்கு இதைக் காட்டலாம். இருந்தாலும் ஒன்று உண்மை: சாதாரணமாகவும் பிடிவாதமாகவும் காய்களை வெட்டிக்கொண்டே போகும் வெள்ளையைத் தடுப்பது கடினம்.

கேரோ-கானில் 3.இ×டி5 சி×டி5 என்று வெட்டும்போதே சமச்சீர் போய்விடுகிறது. வெள்ளைக்கு இ வரிசை பாதி திறந்தது, கறுப்புக்கு சி வரிசை. 4.பிஷப் டி3 குதிரை சி6 5.சி3 என்பது வழக்கமான தொடர்ச்சி. கறுப்பின் வேலை பாடப்புத்தகம் போன்றது: யானை பி8, பி5, பி4, சி3-இல் பலவீனத்தை உண்டாக்குதல். வெள்ளை இ5-இல் குதிரையை நிறுத்தி ராஜாவைத் தாக்கும். 1970-இல் பெல்கிரேடில் பெட்ரோசியனை இதே வரிசையில் ஃபிஷர் வென்றிருக்கிறார். எனவே வெள்ளைக்கும் பல்லு உண்டு. 5...ராணி சி7 ஆடினால் வெள்ளையின் சி1 பிஷப் எஃப்4 வருவதைத் தடுக்கலாம். அந்த பிஷப்புக்கு அதைவிட நல்ல கட்டம் இல்லை. இரு பக்கத்துக்கும் வேலை இருக்கிறது, இறுதியாட்டத்திலும் ஏதாவது செய்ய இருக்கும். குறைந்த தரப்புள்ளிக்காரரைத் தோற்கடிக்க வேண்டிய நாளில் பிரெஞ்சு எக்ஸ்சேஞ்சைவிட இது எவ்வளவோ மேல்.

4.சி4 என்னும் பனோவ் தாக்குதல் தனிக் கதை. 4...குதிரை எஃப்6 5.குதிரை சி3 இ6 ஆடினால் ராணிச் சிப்பாய் ஓபனிங்குகளில் வரும் தனித்த டி சிப்பாய் நிலை (பக்கத்து வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாத நிலை) கிடைக்கும். டி5 கட்டத்தில் ஒரு குதிரையை நிறுத்தி, சிறு காய்களை மாற்றிக்கொண்டே போவது கறுப்பின் வழி. இந்த நிலையை ஆடத் தெரியாதவர் கேரோ-கானில் பனோவ் வந்ததும் தடுமாறுவார். கேரோ-கானின் பலவீனமான இடம் இதுதான் என்று சொல்லலாம்.

3.குதிரை சி3

பிரெஞ்சில் இதற்கு எதிராக வினாவர், கிளாசிக்கல், ரூபின்ஸ்டீன் என்று மூன்று வழி. வினாவர் அழகானது, பயங்கரமானதும்கூட: 3...பிஷப் பி4 4.இ5 சி5 5.ஏ3 பிஷப்×சி3+ 6.பி×சி3 குதிரை இ7 7.ராணி ஜி4. ஜி7-ஐக் காக்க வேண்டிய பிஷப்பைக் கொடுத்தாகிவிட்டது. 7...ராணி சி7 8.ராணி×ஜி7 யானை ஜி8 9.ராணி×எச்7 சி×டி4 என்று போனால் இரு பக்க ராஜாவும் பாதுகாப்பில்லை. இதை மூன்று மாதம் படிக்க நேரம் இல்லாதவர் தொடவே வேண்டாம்.

கிளாசிக்கல் 3...குதிரை எஃப்6 4.இ5 என்றால் குதிரை டி7 போக வேண்டும், இ4-க்குத் தாவக் கூடாது, 4...குதிரை இ4 5.குதிரை×இ4 டி×இ4 என்றானால் இ4 சிப்பாய் பாரமாகிவிடும். 5.எஃப்4 சி5 6.குதிரை எஃப்3 குதிரை சி6 7.பிஷப் இ3 என்பது முக்கிய வரிசை. 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்திலேயே குகேஷின் இ4-க்கு டிங் லிரென் பிரெஞ்சு ஆடியது பலருக்கும் ஆச்சரியம். 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.இ5 என்று போன அந்த ஆட்டத்தைக் கறுப்பு 42 நகர்த்தலில் வென்றது. 13-ஆவது ஆட்டத்திலும் டிங் பிரெஞ்சுக்கே திரும்பினார், அது டிரா. பட்டம் 7.5-6.5 என்று குகேஷுக்குப் போனாலும், அந்த முதல் ஆட்டம் பிரெஞ்சின் இயல்பைச் சரியாகக் காட்டியது: வெள்ளை இடம் பிடித்து முன்னேறும்போது ஒரு நகர்த்தல் தவறினால், பின்னால் கறுப்பின் காய்கள் உயிர்பெறும்.

ரூபின்ஸ்டீன் 3...டி×இ4 4.குதிரை×இ4 குதிரை டி7 என்பது எளிமையானது. 3.குதிரை டி2 என்னும் டராஷுக்கும் இதே பதில் செல்லும் என்பதால் படிக்க வேண்டியது பாதியாகும். 5.குதிரை எஃப்3 குதிரை ஜிஎஃப்6 6.குதிரை×எஃப்6+ குதிரை×எஃப்6, பிறகு சி5. உறுதியான அமைப்பு. ஆனால் சி8 பிஷப் இன்னமும் உள்ளேதான், வெல்லும் வாய்ப்பும் குறைவு. டராஷுக்கு 3...சி5 இன்னொரு நல்ல பதில். 1974-இன் கேண்டிடேட்ஸ் இறுதியில் கோர்ச்னோய் இதை மீண்டும் மீண்டும் ஆடினார். கார்போவால் பிரெஞ்சில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை.

கேரோ-கானில் 3.குதிரை சி3, 3.குதிரை டி2 இரண்டுக்கும் பதில் ஒன்றே: 3...டி×இ4 4.குதிரை×இ4. பிறகு மூன்று பிரிவு.

4...பிஷப் எஃப்5 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4 எச்6 என்பது பழைய முக்கிய வரிசை. 6...எச்6 ஆடாமல் வேறு காயைத் தொட்டால் 7.எச்5 பிஷப்பைப் பிடித்துவிடும். 2013-இல் சென்னையில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் ஆட்டத்தில் ஆனந்தின் இ4-க்குக் கார்ல்சன் இதைத்தான் ஆடினார். 18-ஆவது நகர்த்தலில் ராணிகள் மாறின, 25-இல் டிரா. கறுப்பு எதைத் தேடி வந்ததோ அது கிடைத்தது.

4...குதிரை டி7 கார்போவின் வழி. இரண்டு கண்ணி உண்டு. 5.ராணி இ2 வந்தபின் 5...குதிரை ஜிஎஃப்6 ஆடினால் 6.குதிரை டி6 செக்மேட். இ7 சிப்பாய் பிணைப்பில் இருப்பதால் வெட்ட முடியாது. இன்னொன்று 5.குதிரை ஜி5 குதிரை ஜிஎஃப்6 6.பிஷப் டி3 இ6 7.குதிரை 1எஃப்3. இங்கே 7...எச்6 ஆடிக் குதிரையை விரட்ட நினைத்தால் 8.குதிரை×இ6. 1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் புளூ கணினிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவே இதைச் செய்தார், 19 நகர்த்தலில் முடிந்தது. 7...பிஷப் டி6 முதலில், எச்6 பிறகு. நகர்த்தல் வரிசை மாறினால் உலக சாம்பியனும் தப்ப முடியாத வேரியேஷனை வார இறுதிப் போட்டிக்கு எடுத்துச் செல்வது ஏன்?

ஆகவே எங்கள் சிபாரிசு மூன்றாவது: 4...குதிரை எஃப்6 5.குதிரை×எஃப்6+ இ×எஃப்6, டார்டகோவர் வேரியேஷன். சிப்பாய் இரட்டிக்கிறது, ஆனால் இ வரிசை திறந்து ராஜாவுக்கு முன்னால் கூடுதல் காவல் கிடைக்கிறது. 6.சி3 பிஷப் டி6 7.பிஷப் டி3 0-0 8.ராணி சி2 யானை இ8+ 9.குதிரை இ2. எச்7 தாக்குதலில் இருக்கிறது, 9...ஜி6 பழைய பதில், இப்போது அதிகம் ஆடப்படுவது 9...எச்5. எச்4 வரை போய் வெள்ளையின் ராஜாப் பக்கத்தை நெருக்குவது அதன் நோக்கம். வளர்ச்சி தானாக நடக்கும், நினைவில் வைக்க வேண்டியது மிகக் குறைவு.

இதற்கு ஒரே ஒரு விலை. ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. ராஜாப் பக்கத்தில் கறுப்புக்கு நான்கு இருந்தாலும் இரட்டிப்பால் அதிலிருந்து ஒரு கடந்த சிப்பாயை (வழியில் தடுக்க எதிர்ச் சிப்பாய் இல்லாததை) உண்டாக்க முடியாது. எல்லாக் காய்களும் மாறிச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் கறுப்பு தோற்கும். எனவே யானைகளை வெட்டக் கூடாது; குறைந்தபட்சம் ஒரு யானையும் ஒரு பிஷப்பும் பலகையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறுக்கு வழிகள்

பள்ளிப் பிள்ளைகள் கேரோ-கானுக்கு எதிராக விரும்பி ஆடுவது 2.குதிரை சி3 டி5 3.குதிரை எஃப்3. இதில் 3...டி×இ4 4.குதிரை×இ4 பிஷப் எஃப்5 என்று பழக்கத்தில் ஆடினால் ஆபத்து: 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4 எச்6 7.குதிரை இ5! டி4 இன்னும் ஆடாததால் குதிரைக்கு இ5 உடனே கிடைக்கிறது. 7...பிஷப் எச்7 8.ராணி எச்5 ஜி6 9.பிஷப் சி4 என்றால் கறுப்பு திணறும். டார்டகோவர் ஆடுபவருக்கு இந்தத் தலைவலி இல்லை, 4...குதிரை எஃப்6 ஆடினால் போதும். 2.டி4 டி5 3.எஃப்3 என்னும் ஃபேன்டஸிக்கு 3...இ6, பிறகு பிஷப் பி4. பிரெஞ்சுக்கு எதிராக 2.டி3 ஆடிக் கிங்ஸ் இந்தியன் அட்டாக் அமைப்பவர்களும் உண்டு. இ5 வந்தபின் ராஜாப் பக்கம் எச்4, குதிரை எஃப்1-எச்2-ஜி4 என்று வருவார்கள். கறுப்பு ராணிப் பக்கம் பி5, ஏ5 என்று வேகமாக ஓட வேண்டும், நின்று பார்க்கக் கூடாது.

டி4-க்கான பதிலோடு இணைத்துப் பார்ப்பதும் முக்கியம். பிரெஞ்சு ஆடுபவர் 1.டி4-க்கும் 1...இ6 ஆடலாம், வெள்ளை 2.இ4 என்றால் சொந்த வீடு, 2.சி4 என்றால் 2...டி5 அல்லது நிம்ஸோ-இந்தியன். கேரோ-கான்காரருக்கு 1.டி4 டி5 2.சி4 சி6 என்னும் ஸ்லாவ் பொருந்தும்; சி6-டி5 முக்கோணமும் வெளியே வரும் பிஷப்பும் இரண்டிலும் பொது. ஏற்கனவே இவற்றில் ஒன்றை ஆடுபவர் பாதி முடிவை எடுத்துவிட்டார்.

யாருக்கு எது

வாரத்துக்கு இரண்டு மூன்று மணிநேரம் மட்டுமே படிக்க முடிபவர், 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டங்களில் கடைசி நேரத்தில் தடுமாறுபவர், எண்ணிக்கை கொஞ்சமாக உள்ள வரிசைகளோடு நிம்மதியாக உட்கார விரும்புபவர்: கேரோ-கான், டார்டகோவர், சந்தேகமே வேண்டாம். மூடிய நிலைகளில் பொறுமை உள்ளவர், எஃப்6, சி5 போன்ற உடைப்புகளை எப்போது ஆட வேண்டும் என்று கணிப்பதில் மகிழ்ச்சி காண்பவர், இடநெருக்கடியில் பதறாதவர்: பிரெஞ்சு. காம்பினேஷன்களில் (பலி கொடுத்துத் தொடரும் தாக்குதல்களில்) பலமானவர் கேரோ-கான் ஆடினால் சலிப்படைவார், சலிப்பில் தப்பு செய்வார். அவருக்கு வினாவர் படிக்கும் நேரம் இருந்தால் பிரெஞ்சே பொருத்தம், அந்த நேரம் இல்லாவிட்டால் சிசிலியன் பக்கம் போகலாம்.

தயாரிப்பைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். கேரோ-கானுக்கு அட்வான்ஸ், எக்ஸ்சேஞ்ச், பனோவ், டார்டகோவர், இரு குதிரை, ஃபேன்டஸி என ஆறு கோப்பு. பிரெஞ்சுக்கு அட்வான்ஸ், எக்ஸ்சேஞ்ச், டராஷ், 3.குதிரை சி3, 2.டி3 என ஐந்து. ஒவ்வொன்றிலும் பத்து நகர்த்தல் வரை ஒரே ஒரு வரிசை, மூன்று முழு ஆட்டங்கள். ஆட்டங்களை இறுதிவரை பார்க்க வேண்டும். ஓபனிங்கோடு நிறுத்தினால் பி4 எதற்காக, எஃப்6 எதற்காக என்பது தெரியாமலே போகும். பிறகு இணையத்தில் 15 நிமிட ஆட்டங்கள் குறைந்தது இருபது ஆடிவிட்டு, எந்த நகர்த்தலில் கோப்பை விட்டு வெளியே வந்தீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெள்ளைக்குக் கால் சிப்பாய் மேம்பாடு என்று அது காட்டுவது இந்தத் தரப்புள்ளி அளவில் முடிவைத் தீர்மானிக்காது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. கேரோ-கானில் 3.இ5-க்கு 3...சி5 ஆடலாம். 1961-இல் தாலுக்கு எதிரான மறு ஆட்டத் தொடரில் போட்வின்னிக் ஆடியது. 4.சி3 என்று வெள்ளை தற்காத்தால் 4...குதிரை சி6 5.குதிரை எஃப்3 பிஷப் ஜி4. பிரெஞ்சு அட்வான்ஸின் அதே டி4 முற்றுகை, சி8 பிஷப் மட்டும் இந்த முறை வெளியே நிற்கிறது. 4.டி×சி5 ஆடினால்தான் சோதனை. 4...இ6 ஆடி சி5 சிப்பாயைத் திரும்ப எடுக்கத் தேட வேண்டும், வெள்ளை பிஷப் இ3, பி4 என்று அதைப் பிடித்துவைக்கப் பார்க்கும். 3...பிஷப் எஃப்5-இன் எச்4, ஜி4 தாக்குதல்கள் பிடிக்காதவர் முதலில் இந்த நிலையை இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கோப்பை நிரப்பலாம்.